நிலவுக்கலப் படவிளக்க நூல்கள் வரலாற்றுச் சான்றுகளாக: அப்பல்லோ இறங்குகலத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

மனிதரை நிலவுக்குக் கொண்டுசென்ற விண்கலங்களின் பொறியமைப்பையும் கட்டுமானத்தையும் படங்களால் விளக்கும் நூல்கள் பெரும்பாலும் பொது வாசிப்புக்குரியனவாகவே கருதப்படுகின்றன. நிலவில் இறங்கிய ஆறு கலங்களுள் ஒன்றுகூடப் புவியில் இல்லாத நிலையில், அக்கலங்களைப் பற்றிய முதன்மைச் சான்றுகளாக வரைபடங்களும் ஒளிப்படங்களும் கையேடுகளுமே எஞ்சியுள்ளன. இக்கட்டுரை அப்பல்லோ இறங்குகலம் பற்றிய படவிளக்கங்களைக் கலத்துக்கு முந்தியவை, கட்டுமானக் காலத்தவை, கலத்துக்குப் பிந்தியவை என மூவகைப்படுத்தி ஆராய்கிறது. இவை காட்டுவது ஒரு குறிப்பிட்ட நாளில் எடுக்கப்பட்டிருந்த முடிவையே என்பதும், செய்முறையையும் தொழிலாளர் கைத்திறனையும் இவை பெரும்பாலும் மறைத்துவிடுகின்றன என்பதும் இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

திறவுச்சொற்கள்: அப்பல்லோ, இறங்குகலம், வெட்டுத்தோற்றப் படம், கையேடு, கிரம்மன், தொழில்நுட்ப வரலாறு, சான்று மதிப்பீடு.

முன்னுரை

தொழில்நுட்ப வரலாற்றை எழுதுவோர் எழுத்து ஆவணங்களுக்குத் தரும் முதன்மையைப் படங்களுக்குத் தருவதில்லை. படம் என்பது உரையை எளிமையாக்கும் துணைக்கருவி என்ற எண்ணம் ஆய்வுலகில் வேரூன்றியுள்ளது. விண்கலங்களைப் பொறுத்தவரை இந்த எண்ணம் பொருந்தாது. ஓர் இயந்திரத்தின் உறுப்புகள் எங்கே அமைந்தன, எதனோடு எது பொருந்தியது, எந்த உறுப்புக்கு எவ்வளவு இடம் ஒதுக்கப்பட்டது ஆகியவற்றை உரையால் முழுமையாகச் சொல்ல இயலாது. பொறியாளர் சிந்தித்த மொழியே வரைபட மொழியாகும்.

இக்கட்டுரையில் மூன்று வகைப் படங்கள் பேசப்படுகின்றன. கலத்தின் மேற்புறத்தில் ஒரு பகுதியை நீக்கி உள்ளமைப்பைக் காட்டுவது வெட்டுத்தோற்றப் படம். உறுப்புகளைத் தனித்தனியே விலக்கி, அவை பொருந்தும் வரிசையில் காட்டுவது பிரிநிலைப் படம். மின்சாரம், எரிபொருள், உயிர்வளி போன்றவை செல்லும் வழிகளைக் குறியீடுகளால் காட்டுவது அமைப்பு வரைபடம். இவற்றுள் முதலிரண்டும் மறுமலர்ச்சிக் கால இத்தாலியப் பொறியாளரின் ஏடுகளிலேயே வளர்ச்சி பெற்றவை. லியொனார்டோ டாவின்சியின் இயந்திர வரைபடங்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

1. கலத்துக்கு முந்திய படங்கள்

நிலவுக்கலம் இரும்பிலும் அலுமினியத்திலும் உருவாவதற்கு முன்பே தாளில் உருவாகிவிட்டது. பிரித்தானியக் கோளிடைக் கழகத்தினர் 1939இல் மூவர் பயணம் செய்யும் நிலவுக்கலம் ஒன்றின் வடிவமைப்பை வெளியிட்டனர். எச்.இ. ராஸ் அதைப் பற்றி எழுதினார், ஆர்.ஏ. ஸ்மித் படங்களை வரைந்தார். 1952 அக்டோபரில் அமெரிக்காவின் காலியர்ஸ் இதழ் வெர்னர் வான் பிரவுனின் நிலவுப் பயணத் திட்டத்தை வெளியிட்டது. செஸ்லி போன்ஸ்டெல், பிரெட் ஃபிரீமன், ரோல்ஃப் கிளெப் ஆகியோர் அத்தொடரின் ஓவியர்கள். மூன்று கலங்களில் 50 பேர் நிலவுக்குச் செல்வதாக அத்திட்டம் அமைந்திருந்தது.

இப்படங்கள் கற்பனை ஓவியங்களிலிருந்து ஒரு வகையில் வேறுபடுகின்றன. எரிபொருள் கலன்கள், படுக்கைகள், கால்கள் ஆகியவற்றுக்குக் கணக்கின் அடிப்படையில் இவை இடம் ஒதுக்கின. காற்றில்லாத வெளியில் பறக்கும் கலத்துக்குக் கூர்முனை தேவையில்லை என்ற உண்மையைக் காலியர்ஸ் படங்களில் தெளிவாகக் காணலாம். எனினும், இரண்டிலும் நிலவில் இறங்குவதும் அங்கிருந்து புறப்படுவதும் ஒரே பெருங்கலமாகவே உள்ளது. இறங்குவதற்கென்றே ஒரு சிறு கலம் என்ற எண்ணம் இவற்றில் இல்லை.

அந்த எண்ணம் 1962 சூலையில் அதிகாரப்பூர்வத் திட்டமாயிற்று. லாங்லி ஆய்வு மையத்தின் ஜான் ஹூபோல்ட் வலியுறுத்திவந்த நிலவுச் சுற்றுப்பாதைச் சந்திப்பு முறையை நாசா ஏற்றது. தாய்க்கலம் நிலவைச் சுற்றிக்கொண்டிருக்க, சிறு கலம் மட்டும் இறங்கி மீள்வது இம்முறை. அவ்வாண்டு நவம்பரில் இறங்குகலம் கட்டும் பணி நியூயார்க் மாநிலத்தின் லாங் தீவில் உள்ள பெத்பேஜ் ஊரின் கிரம்மன் நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. கட்டளைக்கலத்தையும் சேவைக்கலத்தையும் கட்டும் ஒப்பந்தம் ஓராண்டுக்கு முன்பே நார்த் அமெரிக்கன் நிறுவனத்துக்குச் சென்றிருந்தது. இவ்வாறு இரு நிறுவனங்களிடம் பணி பிரிந்தது பின்னாளில் படவிளக்கக் கையேடுகளின் இயல்பையும் தீர்மானித்தது.

2. கட்டுமானக் காலத்துக் கையேடுகள்

கட்டுமானக் காலத்தில் வெளிவந்த படவிளக்கங்களை நோக்கத்தின் அடிப்படையில் இருவகையாகப் பிரிக்கலாம். ஒன்று, விண்வெளி வீரர்களுக்கும் தரைக்கட்டுப்பாட்டாளர்களுக்கும் உரிய அப்பல்லோ இயக்கக் கையேடு. மற்றொன்று, செய்தியாளர்களுக்காக நிறுவனங்கள் வெளியிட்ட செய்திக் குறிப்பேடு. கிரம்மனும் நார்த் அமெரிக்கனும் தத்தம் கலங்களுக்குத் தனித்தனிக் குறிப்பேடுகளை வெளியிட்டன.

இயக்கக் கையேட்டில் அமைப்பு வரைபடங்களே மிகுதி. ஒவ்வோர் அடைப்பிதழும் ஒவ்வொரு மின்முறிப்பானும் எண்ணும் பெயரும் பெற்றுள்ளன. உறுப்பின் வடிவத்தைவிட அது எதனோடு இணைகிறது என்பதே இங்கு முதன்மை. செய்திக் குறிப்பேட்டில் வெட்டுத்தோற்றப் படங்கள் மிகுதி. உறுப்பு எங்கே உள்ளது, எப்படித் தோன்றும் என்பதே இங்கு முதன்மை. ஒரே கலத்தை இவ்விரு நூல்களும் இருவேறு பொருள்களாகக் காட்டுகின்றன எனில் மிகையன்று. வரலாற்றாய்வாளர் ஒன்றை மட்டும் கொண்டு முடிவுக்கு வருவது பொருந்தாது.

நிறுவன எல்லை கையேட்டின் எல்லையாகவும் ஆனதால் விளைந்த குறையை அப்பல்லோ 13 நிகழ்வு காட்டுகிறது. 1970 ஏப்ரலில் சேவைக்கலத்தின் உயிர்வளிக் கலன் வெடித்தபின் வீரர் மூவரும் இறங்குகலத்தில் தங்கி உயிர்பிழைக்க வேண்டியதாயிற்று. கரியமிலவாயுவை நீக்கும் லித்தியம் ஹைட்ராக்சைடு பெட்டிகள் கட்டளைக்கலத்தில் சதுர வடிவிலும் இறங்குகலத்தில் உருளை வடிவிலும் இருந்தன. ஒன்றை மற்றதில் பொருத்த இயலவில்லை. நெகிழித்தாள், அட்டை, குழாய், ஒட்டுநாடா ஆகியவற்றைக் கொண்டு தரைப்பொறியாளர் வகுத்த வழியில் வீரர்கள் ஓர் இணைப்பைச் செய்தனர். இரு நிறுவனங்களின் படங்களும் தம்மளவில் சரியானவையே. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் பொருந்தாமை புலப்படுகிறது.

இத்தகைய கையேடுகள் இருந்தமையே ஓர் அரசியல் தெரிவின் விளைவு என்பதையும் குறிப்பிட வேண்டும். சோவியத் ஒன்றியமும் எல்.கே. என்ற ஒருவர் இறங்கும் நிலவுக்கலத்தை உருவாக்கியது. 1970, 1971 ஆண்டுகளில் காஸ்மாஸ் 379, 398, 434 என்ற பெயர்களில் அது ஆளின்றிப் புவிச் சுற்றுப்பாதையில் சோதிக்கப்பட்டது. ஆனால் அதன் நோக்கம் மறைக்கப்பட்டது. செய்தியாளருக்கான குறிப்பேடு எதுவும் வெளிவரவில்லை. 1989இன் இறுதியில் மாஸ்கோ வானூர்திக் கல்விநிறுவனத்துக்குச் சென்ற அமெரிக்கப் பொறியியல் பேராசிரியர்கள் அக்கலத்தை நேரில் கண்ட பின்னரே மேலைநாடுகள் அதன் வடிவத்தைத் தெளிவாக அறிந்தன. அமெரிக்கக் கலத்துக்குப் படங்கள் மிகுந்து கலங்கள் மறைந்தன. சோவியத் கலத்துக்கோ கலம் காட்சிக்கு வந்தபின்பே படங்கள் பெருகின.

3. மாறிக்கொண்டிருந்த கலமும் படத்தின் காலமும்

இறங்குகலம் ஒரே வடிவமைப்பு அன்று. 1962 முதல் 1972 வரை அது தொடர்ந்து மாறியது. இதனால் நாள் குறிக்கப்படாத படம் ஒன்றின் காலத்தை அப்படத்தில் உள்ள உறுப்புகளைக் கொண்டே ஓரளவு கணிக்கலாம். சுவடிப் பதிப்பாசிரியர் பாடவேறுபாடுகளைக் கொண்டு படிகளின் உறவைக் கணிப்பதற்கு இம்முறை ஒப்பாகும்.

முதலாவது அடையாளம் இருக்கை. கிரம்மனின் தொடக்க வடிவமைப்பில் வீரர்கள் அமர்ந்திருந்தனர். அவர்கள் கீழே பார்ப்பதற்காகப் பெரிய வளைந்த கண்ணாடிச் சாளரங்கள் இருந்தன. கண்ணாடியின் எடை தாங்கமுடியாததாக இருந்தது. நிலவின் ஈர்ப்பு புவியின் ஆறில் ஒரு பங்கே என்பதால், நின்றபடியே கலத்தைச் செலுத்தலாம் என்ற முடிவு எடுக்கப்பட்டது. இருக்கைகள் நீக்கப்பட்டன. முகம் சாளரத்துக்கு நெருங்கியதால் சிறிய முக்கோணச் சாளரங்களே போதுமானவையாயின. ஓர் உறுப்பை நீக்கியதால் மற்றோர் உறுப்பும் சுருங்கியது. இருக்கையும் பெருஞ்சாளரமும் கொண்ட படம் இம்முடிவுக்கு முந்தியது என எளிதில் அறியலாம்.

இரண்டாவது அடையாளம் வாயில். முன்வாயில் முதலில் வட்டமாக இருந்தது. அதன் வழியாகவும் தாய்க்கலத்தோடு இணையலாம் எனக் கருதப்பட்டது. மாதிரிக்கலத்தில் விண்வெளி உடையும் முதுகுப்பையும் அணிந்து வெளியேறிப் பார்த்தபோது வட்ட வாயில் இடையூறாயிற்று. முன்புற இணைப்பு கைவிடப்பட்டு வாயில் சதுரமாக்கப்பட்டது. கயிற்றைப் பற்றி இறங்கும் திட்டமும் மாறி, மேடையும் ஏணியும் சேர்க்கப்பட்டன. இங்கு வடிவத்தைத் தீர்மானித்தது கணக்கன்று, உடல் அனுபவமே.

மூன்றாவது அடையாளம் மின்னாற்றல். தொடக்கத்தில் எரிமக்கலங்கள் திட்டமிடப்பட்டன. 1965இல் அவற்றுக்கு மாற்றாக மின்கல அடுக்குகள் தெரிவு செய்யப்பட்டன. நான்காவது அடையாளம் பெயர். இக்கலம் முதலில் நிலவு உலாக்கலம் என்னும் பொருளில் எல்.இ.எம். எனப்பட்டது. 1966இல் உலா என்னும் பொருள்தரும் சொல் நீக்கப்பட்டு எல்.எம். ஆயிற்று. படத்தின் மேலுள்ள பெயரே காலச்சான்றாக அமைவதை இங்குக் காண்கிறோம்.

எடைக்குறைப்பு இம்மாற்றங்களின் பொதுக் காரணம். 1965இல் கிரம்மன் பெரும் எடைக்குறைப்பு இயக்கம் ஒன்றைத் தொடங்கி, ஒவ்வோர் உறுப்பையும் மறுஆய்வு செய்தது. தேவையற்ற உலோகத்தை வேதிக்கரைசலால் அரித்து நீக்கியதில், வீரர் அறையின் அலுமினியச் சுவர் சில இடங்களில் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் தடிமனே கொண்டிருந்தது. நிலவில் முதலில் இறங்கிய ஈகிள் கலம் ஏறத்தாழ 15 டன் எடை உடையது. அதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் எரிபொருளும் அதை எரிக்கும் ஆக்சிகாரணியுமே. வெட்டுத்தோற்றப் படத்தில் சுவர் ஒரு கோடாகவே தெரியும். அக்கோட்டுக்குப் பின்னால் மூன்றாண்டு உழைப்பு இருப்பதைப் படம் சொல்வதில்லை.

வடிவமைப்பு முடிவடைந்த பின்னும் கலத்துக்குக் கலம் வேறுபாடு இருந்தது. 1968 சனவரியில் ஆளின்றிப் பறந்த எல்.எம்.1 கலத்துக்குக் கால்கள் இல்லை. சோதனையின்போது வேறொரு கலத்தின் சாளரம் உடைந்ததால், அதன் சாளரங்களில் கண்ணாடிக்கு மாற்றாக அலுமினியத் தகடுகள் பொருத்தப்பட்டன. அப்பல்லோ 15இல் சென்ற எல்.எம்.10 முதலான கலங்கள் பெரிய எரிபொருள் கலன்களையும் மடித்து வைக்கப்பட்ட நிலவு ஊர்தியையும் கொண்டிருந்தன. இயக்கக் கையேட்டின் ஒரு பதிப்பு எல்.எம்.10க்கும் அதற்குப் பிற்பட்ட கலங்களுக்கும் உரியது எனத் தலைப்பிலேயே வரையறுத்துள்ளமை ஈண்டுக் கருதத்தக்கது. அப்பல்லோ இறங்குகலம் என்று பொதுவாகப் பெயரிடப்பட்ட ஒரு படம், உண்மையில் பறந்த எந்தக் கலத்தோடும் முழுமையாக ஒத்துப்போகாமல் இருக்கக்கூடும்.

4. படத்தில் இடம்பெறாதவை

படவிளக்கங்கள் உறுப்பைக் காட்டுகின்றன. உறுப்பைச் செய்த கையைக் காட்டுவதில்லை. இதற்கு இரு சான்றுகள் போதும்.

கலத்தின் வழிகாட்டுக் கணினியை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் கருவியியல் ஆய்வகம் வடிவமைத்தது. ரேதியான் நிறுவனம் தயாரித்தது. கையேட்டின் படங்களில் அது பெயரிடப்பட்ட ஒரு பெட்டி மட்டுமே. அதன் நிலைநினைவகம் 36,864 சொற்களைக் கொண்டது. காந்த வளையங்களின் ஊடாகவோ புறத்தேயோ கம்பியைச் செலுத்தி இந்நினைவகம் அமைக்கப்பட்டது. கம்பி வளையத்துள் சென்றால் ஒன்று. புறத்தே சென்றால் சுழியம். வால்தம் ஊரிலிருந்த ஆலையில் பெண் தொழிலாளர்கள் இக்கம்பிகளைக் கையால் கோத்தனர். நிரல் எழுதியவர் பெயர்கள் வரலாற்றில் உள்ளன. அந்நிரலைக் கம்பியாக நெய்தவர்களின் பணி கையேட்டுப் படங்களில் தடமின்றி மறைந்தது.

இரண்டாவது சான்று வெப்பக்காப்பு. கலத்தைப் போர்த்திய மெல்லிய பலபடலத் தாள்கள், படலங்கள் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்கவும் இடையிலுள்ள காற்று வெளியேறவும் கையால் கசக்கப்பட்டன. கிரம்மன் குறிப்பேட்டின் உரைப்பகுதி இதைச் சொல்கிறது. அதே நூலின் வரைபடங்களோ மேற்பரப்பைச் சீரான கோடுகளால் காட்டுகின்றன. ஒரே நூலினுள் உரையும் படமும் முரண்படும் இவ்விடத்தில் ஒளிப்படங்கள் உரைக்கே சான்று பகர்கின்றன.

படம் மறைப்பவற்றுள் உயிருக்கு ஆபத்தானவையும் உண்டு. அப்பல்லோ 13இன் உயிர்வளிக் கலனில் இருந்த வெப்பநிலை மின்சொடுக்கிகள் 28 வோல்ட் மின்னழுத்தத்துக்கு உரியவை. 1965இல் தரைக்கருவிகளின் 65 வோல்ட் மின்னழுத்தத்துக்கு ஏற்ப விதிமுறை திருத்தப்பட்டபோதும் அம்மின்சொடுக்கிகள் மாற்றப்படவில்லை. ஏவுதலுக்கு முந்திய பணியில் அவை செயலிழந்து, வெப்பமூட்டி எட்டு மணி நேரம் இயங்கியதில் கம்பிகளின் காப்புறை சிதைந்தது என்று விபத்து ஆய்வுக்குழு கண்டறிந்தது. அமைப்பு வரைபடத்தில் மின்சொடுக்கி ஒரு குறியீடு. 28 வோல்ட்டுக்கும் 65 வோல்ட்டுக்கும் அது ஒன்றே. வரைபடம் பொய் சொல்லவில்லை. அதனிடம் அந்த விடை இல்லை.

5. கலத்துக்குப் பிந்திய மீட்டுருவாக்கங்கள்

விண்ணுக்குச் சென்ற இறங்குகலங்கள் 10. அவற்றுள் நிலவில் இறங்கிய ஆறின் கீழ்ப்பகுதிகள் அங்கேயே உள்ளன. அவற்றின் மேற்பகுதிகளும் பணி முடிந்தபின் கைவிடப்பட்டன அல்லது நிலவில் மோதவிடப்பட்டன. ஏனைய நான்கும் திரும்பவில்லை. பறக்காமல் எஞ்சிய எல்.எம்.2, எல்.எம்.9, எல்.எம்.13 ஆகிய மூன்றே அருங்காட்சியகங்களில் உள்ளன. இவற்றுள் ஸ்மித்சோனியன் தேசிய வானூர்தி விண்வெளி அருங்காட்சியகத்தின் எல்.எம்.2, ஈகிள் கலம் போலத் தோன்றும்படி புறத்தே மாற்றியமைக்கப்பட்டது. நேரில் காணும் கலமும் ஒரு வகையில் படவிளக்கமாகவே ஆகிவிட்டது எனலாம்.

இந்நிலையில் பிற்கால நூல்கள் முதன்மை பெறுகின்றன. கலத்தின் தலைமைப் பொறியாளர் தாமஸ் கெல்லி 2001இல் வெளியிட்ட மூன் லேண்டர் என்னும் நூல் வடிவமைப்பு முடிவுகளின் காரணங்களை உள்ளிருந்து விளக்குகிறது. ஸ்காட் சல்லிவனின் வெர்ச்சுவல் எல்.எம். என்னும் 2004ஆம் ஆண்டு நூல் கணினி முப்பரிமாணப் படங்களால் கலத்தைச் சட்டகத்திலிருந்து மேற்போர்வை வரை படிப்படியாகக் கட்டிக்காட்டுகிறது. வாகனப் பழுதுநீக்கக் கையேடுகளால் அறியப்பட்ட ஹெய்ன்ஸ் பதிப்பகம் 2009இல் அப்பல்லோ 11க்கு ஒரு கையேட்டை வெளியிட்டது. பழைய கையேடுகள் பணியாற்றுவோருக்கு எழுந்தவை. இவை நினைவைக் காப்பதற்கு எழுந்தவை. முழுமையாகக் காட்ட வேண்டும் என்ற விருப்பத்தால், வெவ்வேறு காலத்து ஆவணங்களை ஒரே படத்தில் இணைக்கும் போக்கு இத்தகைய மீட்டுருவாக்கங்களில் நேரக்கூடும். எந்தக் கலம், எந்த நாள் என்ற வினாவை இங்கும் எழுப்புதல் வேண்டும்.

வரைபடம் மட்டும் போதாது என்பதை அண்மைக்கால நிகழ்வுகள் இரண்டு உறுதிசெய்கின்றன. அப்பல்லோ கலங்களை ஏவிய சாட்டர்ன் 5 ஏவூர்தியின் வரைபடங்கள் தொலைந்துவிட்டன என்ற பரவலான நம்பிக்கை தவறானது. அவை நுண்படச்சுருள்களில் உள்ளன. எனினும், மார்ஷல் விண்வெளி மையத்தின் இளம் பொறியாளர்கள் அதன் எஃப்.1 பொறியின் வாயு ஆக்கியை அறிய முற்பட்டபோது, எஞ்சியிருந்த பொறியையே பிரித்து அளந்து 2013இல் இயக்கிப் பார்க்க வேண்டியதாயிற்று. பற்றவைப்போர் ஒவ்வொரு பொறியிலும் கையாண்ட தனி உத்திகள் வரைபடத்தில் இடம்பெற்றிருக்கவில்லை. மற்றொன்று, 2016இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் அப்பல்லோ 11இன் கட்டளைக்கலமான கொலம்பியாவின் உட்புறத்தை முப்பரிமாண முறையில் பதிவுசெய்தது. வீரர்கள் சுவரில் கையால் எழுதிய எண்களும் குறிப்புகளும், நாள்களை அடித்துக் குறித்த சிறு நாட்காட்டியும் அதில் வெளிப்பட்டன. எந்தக் கையேடும் இவற்றைக் காட்டியிருக்க இயலாது.

முடிவுரை

நிலவுக்கலப் படவிளக்க நூல்கள் வரலாற்றுச் சான்றாகும் தகுதி உடையவை என்பது இக்கட்டுரையால் பெறப்படுகிறது. அத்தகுதி அவற்றின் துல்லியத்தால் மட்டும் வருவதன்று. முறையான வாசிப்பால் வருவது. அவ்வாசிப்புக்கு நான்கு வினாக்கள் அடிப்படையாகின்றன. படம் எந்தக் கலத்தை, எந்த நாளில் காட்டுகிறது? எந்த நிறுவனம் யாருக்காக அதை வெளியிட்டது? அதே நூலின் உரையும் அக்கால ஒளிப்படங்களும் அதனோடு ஒத்துப்போகின்றனவா? செய்தோர் கையும் செய்முறையும் அதில் எங்கே மறைந்துள்ளன?

இருக்கையுள்ள படமும் இருக்கையற்ற படமும் ஒன்றையொன்று பொய்யாக்குவதில்லை. இரண்டையும் அடுத்தடுத்து வைக்கும்போது, எடைக்காக மனிதர் நிற்கவைக்கப்பட்ட வரலாறு புலப்படுகிறது. கைவிடப்பட்ட வடிவமைப்புகளின் படங்களையும் திருத்தப்பட்ட கையேடுகளின் பழைய பதிப்புகளையும் பயனற்றவை என ஒதுக்காமல் காத்தல் வேண்டும். இறுதி வடிவம் மட்டும் எஞ்சினால் கலம் எப்படி இருந்தது என்பதையே அறிவோம். அது ஏன் அப்படி ஆயிற்று என்பதை அறிய வழியிராது.